கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் பண்டிகை கொண்டாடலாமா?

கொண்டாடலாம். ஆனால் நம்பாத ஒன்றை நம்புவது போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

சொந்த ஊர் வேலூர்ப் பக்கம் குடியாத்தம். 18 வயதிலிருந்தே எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. எங்கள் ஊருக்குப் பெரிய நாள் வைகாசி 1, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாகக் கிளம்பும். புலியாட்டம், சிலம்பம், வழி நெடுகத் தேங்காய் உடைப்பு. கோபாலபுரம் கோயிலுக்கு வந்ததும் அந்தச் சிரசை ஓர் உடலில் பொருத்துவார்கள். ராத்திரி வாணவேடிக்கை.

இது ரேணுகாவின் கதை. கணவர் ஜமதக்னி முனிவர் சொன்னார் என்று மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டிவிடுகிறான். திரும்ப உயிர் வரும்போது அந்தத் தலை வேறொரு பெண்ணின் உடலில் சேர்ந்துவிடுகிறது. அதைச் 'சண்டாளச்சி உடல்' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் சொல்; காதில் விழும்போதெல்லாம் எனக்கு வலிக்கும்.

ஒருவரைக் கொன்ற நாளை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டுத் தீபாவளியை மறுத்த பெரியார், பொங்கலை ஏற்றுக்கொண்டார். 1973 டிசம்பர் 24 அன்று அவர் உயிர் பிரிந்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். எங்கள் நைனாவும் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் நிறைய) அவர் வழி. எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. அப்படியென்றால் சிரசும் வேண்டாம் என்று முடிவு பண்ணி, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் நான் ஊருக்குப் போகவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, அந்த இரண்டு வருஷமும் நைனா வாசலில் அண்டா நிறைய மோர் கரைத்து வைத்து ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். கோயிலுக்குள் காலே வைக்காதவர். கேட்டதற்கு, "வெயில்ல வர்றவங்களுக்குத் தாகம் எடுக்குமில்லடா" என்றார். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயில் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

ஆந்திராவில் பலமநேரில் கட்டிக்கொடுத்த பெரிய அத்தை பிறந்த வீட்டுக்கு வருவது வருஷத்தில் ஒரே தடவை, சிரசுக்குத்தான். மூன்றாம் வருஷம் நான் போனபோது அவருக்குக் கண் மங்கியிருந்தது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். என் கொள்கைக்காக நான் விட்டுக்கொடுத்தது சாமியை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அத்தையைத்தான் விட்டிருக்கிறேன்.

இப்போது தவறாமல் போகிறேன். மோர் அண்டா என் பொறுப்பு. அத்தைக்குத் தேங்காய் வாங்கிக் கொடுத்து, கூட்டத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். கும்பிடுவதில்லை, வேண்டிக்கொள்வதில்லை. குங்குமம் நீட்டினால் "எனக்கு வேணாம் அத்தே" என்பேன். ஒருநாளும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. மனசார அழுது கும்பிடுகிறவர்கள் நடுவே நானும் கைகூப்பி நின்றால், அது அவர்களை ஏமாற்றுவது.

கதையோடு எனக்குள்ள சண்டை மட்டும் தீரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். ஊரே வெயிலில் காத்துக்கிடப்பது வெட்டச் சொன்ன முனிவருக்காக இல்லை, வெட்டுப்பட்டவளுக்காக.

போன வருஷம் என் ஏழு வயது மகள், "அப்பா சொன்னாருன்னு அம்மாவை வெட்டுவாங்களா?" என்று கேட்டாள். "மாட்டேன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். பக்கத்தில் தேங்காயோடு நின்றிருந்த அத்தை அவள் பக்கம் திரும்பி, "ஆமாண்டி கண்ணு, சொல்லியிருக்கணும்" என்றார்.