கடிகாரம் ஓடும்போது ஏஜென்ட் எப்படித் திட்டமிடும்? கேள்வி பதில்

கே: யோசித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டால் ஏஐ ஏஜென்ட் (தானாக முடிவெடுத்துச் செயல்படும் நிரல்) என்ன செய்யும்?

ப: எழுதிய விதத்தைப் பொறுத்தது. எப்போது நிறுத்தினாலும் கையில் ஒரு விடை இருக்கிற மாதிரி எழுதுவதை 'எனிடைம் அல்காரிதம்' என்பார்கள். 1988இல் டீன், போடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வைத்த பெயர். முதலில் சுமாரான திட்டம் ஒன்று வந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அதை மெருகேற்றத்தான்.

கே: சார், செஸ் ஆடும் நிரலான செஸ் இன்ஜின் ஒரு நகர்த்தல் தூரம், இரண்டு நகர்த்தல் தூரம் என்று ஒவ்வொரு ஆழத்துக்கும் முதலிலிருந்து தேடுகிறதாமே, வீண் வேலை இல்லையா?

ப: பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் ஒரு படி ஆழம் கூடினாலே வேலை பல மடங்காகிவிடும். அதனால் பழைய சுற்றுகளின் செலவு கடைசிச் சுற்றுக்கு முன்னால் கொசுறு. போன சுற்றில் ஜெயித்த நகர்த்தலை இந்தச் சுற்றில் முதலில் பார்ப்பதால், வேண்டாத கிளைகளும் சீக்கிரம் வெட்டுப்படும்.

கே: பத்து மடங்கு வேகமான கம்ப்யூட்டர் போட்டால் நேரப் பிரச்சினை தீராதா?

ப: ஒவ்வொரு படியிலும் 10 வழி பிரிந்தால், அந்த வேகம் உங்களுக்கு வாங்கித் தருவது இன்னும் ஒரே ஒரு படி.

கே: யோசித்தது போதும் என்று யார் முடிவெடுப்பது?

ப: இந்தத் துறையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். இன்னும் யோசித்தால் முடிவு மாறுமா, மாறினால் கிடைக்கும் லாபம் போகிற நேரத்துக்கு ஈடாகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். ரஸ்ஸல், வீஃபால்ட் என்ற ஆய்வாளர்கள் 1991இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்குக்கும் நேரம் பிடிக்கும்! அதனால் நடைமுறையில் எளிய விதிகள்தான். செஸ்ஸில் விதிப்படி ஒரே நகர்த்தல்தான் இருக்கிறதா, உடனே ஆடு. நாலைந்து சுற்றாக அதே நகர்த்தல் முதலிடத்தில் நிற்கிறதா, நிறுத்து. சுற்றுக்குச் சுற்று மாறுகிறதா, கூடுதல் நேரம் கொடு.

கே: ரோபோ நடந்துகொண்டே யோசிக்கலாமா?

ப: தாராளமாக. கோர்ஃப் என்ற ஆய்வாளர் 1990இல் கொடுத்த வழி இது: கொஞ்ச தூரம் மட்டும் பார், ஓர் அடி வை, விட்டுவந்த இடத்தின் மதிப்பை, அதாவது அங்கிருந்து இலக்கு எவ்வளவு தூரம் என்ற கணிப்பைத் திருத்திக்கொள். திருத்தாவிட்டால் ஒரே முட்டுச்சந்துக்குள் போய்ப் போய் வரும். திரும்பி வரமுடியாத அடி என்றால் மட்டும் இந்த வழி வேண்டாம். படிக்கட்டு விளிம்பில் நின்று யோசிப்பதே மேல்.

கே: நான் கேம் எழுதுகிறேன். ஒரு ஃப்ரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) 16 மில்லி விநாடிதான். பாதை தேடல் அதற்குள் முடியவில்லை.

ப: ஒரே ஃப்ரேமில் ஏன் முடிக்கிறீர்கள்? ஃப்ரேமுக்கு 2 மில்லி விநாடி ஒதுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதுவரை பாத்திரத்தை இலக்கு இருக்கும் பக்கமாகத் திருப்பி நடக்க விடுங்கள். ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது.