எதிர்காலத்தில் ஓடப்போகும் கனரக லாரிகளைக் கணித்து, அவை விடும் புகையை எப்படி மதிப்பிடுவது? பழைய வளர்ச்சி விகிதத்தை அப்படியே நீட்டினால் போதாதா?

போதாது. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்தால் 20 வருடத்தில் போக்குவரத்து 2.65 மடங்கு, 7 சதவீதம் என்றால் 3.87 மடங்கு. ஏன் 7, ஏன் 5 என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கவில்லை.

சரக்கு இருந்தால்தான் லாரி ஓடும். அதனால் இப்போதெல்லாம் டன்னிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பகுதியிலிருந்து வருடத்துக்கு 10 லட்சம் டன் வெளியே போகிறது, லோடுக்கு 20 டன் என்று வையுங்கள். 50,000 நடை. சராசரி லோடு 16 டன்தான் என்றால் 62,500. திரும்பும்போது காலியாக வந்தால் அதுவும் ஒரு நடைதான், அதற்கும் டீசல் எரிகிறது. வளர்ச்சி விகிதத்தைவிட இந்த லோடு கணக்கில்தான் அதிகம் தவறு நடக்கிறது என்பது என் அனுபவம்.

அப்புறம், அடிப்படை எண்ணிக்கையையே சந்தேகப்படுங்கள். ஒருமுறை ஒரு சாலையில் காலை 9 மணிக்குக் கனரக லாரிகள் குவிவதாகத் தரவு காட்டியது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால் லாரியே அதிகம் இல்லை. சாலையின் குறுக்கே போட்டிருந்த ரப்பர் குழாய் தன்மேல் ஏறும் சக்கர அச்சுகளைத்தான் எண்ணும். நெரிசலில் ஒட்டி ஒட்டிப் போன இரண்டு கார்களை நான்கு அச்சு லாரி என்று பதிவு செய்திருந்தது! அதை வைத்து 20 வருடத்துக்குக் கணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

லாரி-கிலோமீட்டர் கிடைத்ததும் ஒரே உமிழ்வுக் காரணியால் (கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் புகை என்ற எண்ணால்) பெருக்கிவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் எரிந்த டீசலைப் பொறுத்தது. நைட்ரஜன் ஆக்சைடு அப்படியல்ல, வண்டி எந்தத் தலைமுறை என்பதே பெரிய வித்தியாசம். ஐரோப்பியப் புகை விதிகளில், இன்ஜின் சோதனையில் யூரோ 5 தலைமுறைக்கு வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 2 கிராம், அடுத்து வந்த யூரோ 6-ல் 0.46. ஆனால் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக்கு 200 டிகிரிக்குப் பக்கத்திலாவது சூடு வேண்டும். துறைமுக வாசலில் வரிசையில் ஊர்ந்தபடி நிற்கும் புது லாரியின் புகைக்குழாய் ஆறிவிடும், வரம்பு காகிதத்தோடு சரி. அதனால் வயது, வேகம் இரண்டையும் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும். வயதை வாகனப் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுத்தால் ஏமாறுவீர்கள். பொதுவாகப் புது வண்டிகள் தொலைதூரம் ஓடும், பழையவை பக்கத்திலேயே சுற்றும்.

கடைசியாக நான் செய்வது டீசல் சரிபார்ப்பு. லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. என் கணக்கு இன்றைய ஆண்டுக்குச் சொல்லும் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வை அதால் வகுத்து, லாரிகள் அந்தப் பகுதியில் வாங்கும் டீசலோடு ஒப்பிடுவேன். வெளியே நிரப்பிக்கொண்டு வரும் லாரிகள் உண்டு என்பதால் அச்சாகப் பொருந்தாது. பாதிக்குப் பாதி இடித்தால் மட்டும், முதலில் அந்த ரப்பர் குழாயைத்தான் போய்ப் பார்ப்பேன்.