சக ஊழியர் தவறு செய்துவிட்டால் அவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: எங்கள் அணியில் ஆறு பேர். சென்ற மாதம் ஒருவர் பழைய விலைப்பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். “இதைக்கூடப் பார்க்காம அனுப்புவீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அதிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் அவர் செய்த இன்னொரு தவறு நான்கு நாள் கழித்து, அதுவும் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அவருக்கு மேலதிகாரி இல்லை. ஆனால் அவர் முடித்துக் கொடுத்தால்தான் என் வேலை ஓடும். பரிவோடு பேச வேண்டும் என்று புரிகிறது. அப்படிப் பேசினால் தவறைக் கண்டும் காணாமல் விட்டதாகிவிடாதா?

பதில்: நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய இடம் அந்த நான்கு நாள். முதல் தவறு உடனே வெளியே வந்துவிட்டது. இரண்டாவது, நான்கு நாள் உள்ளேயே கிடந்தது. கெட்ட எண்ணத்தில் அவர் மறைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. தவறு வெளியே தெரிந்தால் என்ன கிடைக்கும் என்று அவர் ஒருமுறை பார்த்துவிட்டார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் அணிகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கோ தலைகீழாக இருந்தது. நல்ல அணிகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் வாய்விட்டுச் சொன்னார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். இதிலிருந்து வளர்ந்த ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்தை அவர் 1999இல் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார். உங்களுக்கு இதில் நேரடியான லாபம் ஒன்று இருக்கிறது. அவர் தவறை அன்றே சொன்னால் உங்கள் நான்கு நாள் மிச்சம்.

சரி, பரிவு என்று எதைச் சொல்கிறேன்? குரலைத் தாழ்த்திப் பேசுவது அதில் சிறு பங்குதான். அந்த நிமிடத்தில் அவர் கண்முன் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள நீங்கள் உண்மையிலேயே ஆசைப்பட வேண்டும்.

அந்த விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்வோம். பல அலுவலகங்களில் நான் பார்த்தது இது: ஒரே ஃபோல்டரில் ‘விலைப்பட்டியல் இறுதி’, ‘விலைப்பட்டியல் இறுதி 2’, ‘விலைப்பட்டியல் இறுதி புதியது’ என்று மூன்று கோப்புகள் கிடக்கும். மெயிலில் இணைக்கப் போனால் பெயரின் முதல் பாதிதான் திரையில் தெரியும். மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். போனில் வாடிக்கையாளர் “இன்னும் வரலையே” என்று அவசரப்படுத்துவார். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் கை தவறான கோப்பில் பட வாய்ப்பு உண்டு. உங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் நடந்தது என்று சொல்ல வரவில்லை. கேட்டுப் பார்க்காமல் நமக்குத் தெரியாது என்கிறேன்.

முடிவு தெரிந்த பிறகு எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருந்த மாதிரிதான் தோன்றும். பரூச் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இல் இதைச் சோதித்தார். 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரின் விவரத்தைப் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு முடிவு இன்னதென்றும் சொல்லிவிட்டார். எந்த முடிவைச் சொன்னாரோ, அது நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். “இதைக்கூடப் பார்க்காம” என்ற உங்கள் வார்த்தையிலும் இந்த மயக்கம் இருக்கிறது. ‘கூட’ என்று சொல்ல முடிவது, அது தவறான கோப்பு என்று உங்களுக்கு அப்போது தெரிந்திருந்ததால்தான்.

இனி, பேசும் முறை. ஒருவர் தயங்கித் தயங்கி வந்து “ஒரு தப்பு நடந்துடுச்சு” என்கிறார். நாம் வாயைத் திறக்கும் முன்பே பதில் போய்விடும். உச்சுக்கொட்டுவது, தலையில் கை வைப்பது, அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே “என்ன?” என்பது, எல்லாம் பதில்தான். எனவே முதலில் நாற்காலியை அவர் பக்கம் திருப்புங்கள். “சொன்னது நல்லதாப் போச்சு. இப்போ உடனே என்ன செய்யணும்?” இவ்வளவு போதும். முதலில் சேதத்தை நிறுத்தும் வேலை. காரணம் அப்புறம், தனியாக.

அந்தப் பேச்சில் ‘ஏன்’ என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள். “ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்பதை யாரும் கேள்வியாகக் கேட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு ‘சாரி’ என்பதைத் தவிர வேறு பதிலும் இல்லை. “எந்த இடத்துல குழப்பம் வந்துச்சு?”, “அனுப்பும்போது ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான விவரம் வரும். கோப்புக்குத் தேதி போட்டுப் பெயர் வைப்பது, பழையதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவது என்று அடுத்து என்ன செய்யலாம் என்பதும் அதிலிருந்தே கிடைக்கும்.

“பரவாயில்ல விடுங்க” என்பதைப் பலர் பரிவு என்று நினைக்கிறார்கள். நிஜமாகவே பரவாயில்லை என்றால் சொல்லுங்கள். பாதிப்பு இருக்கும்போது சொன்னால் அவர் நம்ப மாட்டார், பயம் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், அவர் வேலையைச் சத்தமில்லாமல் நீங்களே எடுத்துத் திருத்துவது. “உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை” என்று அவரிடம் சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

கண்டும் காணாமல் விட்டதாகிவிடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே தெரிவிக்க 1976இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. தண்டனை கொடுக்கும் அமைப்பிடம் சொல்லத் தயங்குவார்கள் என்பதால் அறிக்கைகளை நாசா வாங்கிக்கொள்கிறது. 10 நாளுக்குள் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைக்க வழி உண்டு. ஆனால் வேண்டுமென்றே விதியை மீறியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நீங்களும் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளலாம். கைதவறியதற்கு ஒரு பேச்சு. தெரிந்தே அலட்சியமாக இருந்ததற்கு வேறு பேச்சு. ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்தால் தனியாக அழைத்து, எந்தெந்த நாள், என்ன நடந்தது, அதனால் உங்கள் வேலை எங்கே நின்றது என்று மட்டும் சொல்லுங்கள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” வேண்டாம். மேலதிகாரியிடம் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால், கொண்டுபோகப் போகிறேன் என்று அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குக் கோபம் வந்தது தப்பில்லை, வேலை கெட்டால் யாருக்கும் வரும். தலைபோகிற அவசரம் இல்லையென்றால் “பத்து நிமிஷத்துல பேசலாமா?” என்று கேட்டுவிட்டு ஒரு நடை நடந்து வாருங்கள்.

கடைசியாக ஒரு பாக்கி இருக்கிறது. எல்லோர் முன்னாலும் கேட்டீர்களே, அதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. முதலில் தனியாக: “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.” ‘ஆனா நீங்களும்’ என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். அவர் சம்மதித்தால், அணி கூடும்போது இதே ஒரு வரியை மற்றவர்கள் காதிலும் போட்டுவிடுங்கள். அவர் வெறுமனே தலையாட்டிவிட்டுப் போகலாம். சில வாரம் பேசாமலேகூட இருக்கலாம். காத்திருங்கள். என்றைக்காவது ஒருநாள், கையில் ஒரு தாளோடு உங்கள் மேஜைக்கு வந்து “ஒரு விஷயம்…” என்று இழுப்பார். அப்போது நாற்காலியைத் திருப்புங்கள்.