நாங்களும் அரசாங்க நிலத்தில்தான் குடியிருக்கிறோம்

கேள்வி இது: "அரசியல் நமக்கெதற்கு, நாம் உண்டு நம் வேலை உண்டு என்று இருந்துவிட்டால் என்ன? பெருநகரங்களில் வசிக்கும் தமிழர்கள் ஏற்றத்தாழ்வை அன்றாட வாழ்க்கையில் எங்கே பார்க்கிறீர்கள்?"

டெல்லியில் குடும்பம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். அப்படி இருந்துவிட முடிகிறவர்கள் உண்டு. நானும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவள்தான். அரசாங்கத்துக்கு எங்களிடம் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கடிதம் போட்டுக் கேட்கும், பதில் சொல்ல அவகாசமும் தரும். அதனால்தான் அரசியல் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய்க்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு அது வாய்க்கவில்லை. இரண்டு பேரும் தமிழ்தான் பேசுகிறோம், இரண்டு பேரையும் இந்த ஊர் மதராசி என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் இந்த ஊரில் தான் இருப்பதற்கு அத்தாட்சி காட்டச் சொன்னால் அவர்தான் காட்ட வேண்டியிருக்கிறது. என்னை யாரும் கேட்டதில்லை.

என் கணவர் மத்திய அரசு ஊழியர். லோதி காலனியில் குவார்ட்டர்ஸ். அக்கா விழுப்புரம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஜங்புரா மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். பாராபுல்லா நாலா என்ற பெரிய வடிகால் கரையில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த குடிசைக் குடியிருப்பு. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். சுற்றியுள்ள ஜங்புரா, நிஜாமுதீன் பங்களா வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது, சமைப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இந்தப் பெண்கள்தான். நடந்தே வேலைக்குப் போய், மதியம் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டு, சாயங்காலம் மறுபடி போக முடிகிற தூரம்.

நாலாவின் அகலம் ஆக்கிரமிப்பால் குறுகிவிட்டது, மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் பக்கத்துக் குடியிருப்புகளில் வெள்ளம் நிற்கிறது என்று வழக்கு. 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் கேம்ப்பை அகற்ற உத்தரவிட்டது. பொது நிலம் என்பதால் மறுவாழ்வு உரிமைக்கு மேல் குடியிருப்பவர்கள் எதுவும் கோர முடியாது என்றது. ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வந்தது. சுமார் 370 குடும்பங்கள். உத்தரவு வந்த சமயத்தில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று பட்டியலில் இருந்தவை 189. மாற்று வீடு நரேலாவில். டெல்லி வரைபடத்தில் வடக்கு மூலையில், ஹரியானா எல்லையை ஒட்டி இருக்கிறது நரேலா. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் போல வரும்.

வெள்ளம் பொய்யில்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நானும் பார்த்திருக்கிறேன். நாலாவைத் தூர்வார வழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. எனக்கு வலிப்பது வேறு.

கேம்ப் இடிந்த கொஞ்ச நாளில் தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். எல்லோரும் நம்மவர்கள்தான். பேச்சு இந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு மாமா, "கவர்மெண்ட் நிலத்துல இருந்தா ஒரு நாள் இடிக்கத்தானே செய்வா? அரசியல்வாதிகள்தான் ஓட்டுக்காக இத்தனை வருஷம் விட்டுவெச்சா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் கேட்டேன், "மாமா, நாம ரெண்டு பேரும் எந்த நிலத்துல இருக்கோம்?" அவரும் குவார்ட்டர்ஸ்காரர்தான்.

அவருக்குக் கோபம் வந்தது. வந்தாலும் அந்தக் கேள்வியில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை. டெல்லியின் நடுவில், அரசாங்க நிலத்தில், அரசாங்கம் கட்டிய வீட்டில் நாங்கள் இருக்கிறோம். வீட்டு வாடகைப் படி கிடைக்காது என்பது சரி, ஆனால் மாதம் பிடிக்கும் கட்டணத்துக்கு இந்த வட்டாரத்தில் ஒரு கார் நிறுத்த இடம் கிடைக்காது. அரசாங்கத்துக்கு எங்கள் வேலை தேவை, வேலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால்தான் ஒழுங்காக வர முடியும், அதனால் வீடு கொடுக்கிறது. இந்த நியாயம் எனக்குப் புரிகிறது. இதே நியாயம் பாத்திரம் தேய்க்கிறவருக்கு ஏன் செல்லாது என்பதுதான் புரியவில்லை. அந்த மாமா வீட்டிலும் காலையில் ஒரு அம்மா வந்துதான் சமைக்கிறார்.

விதிப் புத்தகத்தைப் பார்த்தால் இன்னும் உறைக்கும். என் கணவருக்கு வெளியூர் மாற்றல் வந்தால் வீட்டை மறுநாளே காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மாதம் பழைய கட்டணத்திலேயே இருக்கலாம். அதற்கு மேலும் சில மாதங்கள் வைத்துக்கொள்ள விதியில் வழி உண்டு. பிள்ளைகளின் படிப்பு நடுவில் கெடக் கூடாது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். மதராசி கேம்ப் விஷயத்தில் உத்தரவுக்கும் இடிப்புக்கும் நடுவில் மூன்று வாரம். வழக்கும் நோட்டீஸும் முன்பே இருந்தன என்பார்கள், அது உண்மைதான். ஆனால் நரேலாவில் எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்விக்கு அந்த மூன்று வாரத்தில் யாரிடமும் பதில் இல்லை. கேம்ப் பிள்ளைகள் பலர் படித்தது டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில். 1923லிருந்து நடக்கும் அமைப்பு, ஏழு பள்ளிகள் வைத்திருக்கிறது. நரேலா பக்கம் ஒன்று கூடக் கிடையாது. அக்காவின் சின்ன மகள் அப்போது ஒன்பதாவது முடித்திருந்தாள்.

அக்கா குடும்பத்துக்கு நரேலா வீடு கிடைத்தது. அது கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மஞ்சள் பை ஒன்றை எங்கள் சமையலறை மேடையில் வைத்து, "கொஞ்சம் பாரும்மா, எதை எடுத்துட்டுப் போறதுன்னே தெரியல" என்றார். பிளாஸ்டிக் உறைக்குள் உறையாக, நாலாத் தண்ணீர் உள்ளே வந்த ஒவ்வொரு மழையிலும் முதலில் தூக்கிப் பரணில் வைத்துக் காப்பாற்றிய காகிதங்கள். 1990இல் வி.பி.சிங் ஆட்சியில் ஜுக்கிவாசிகளுக்கு, அதாவது குடிசைவாசிகளுக்கு, கொடுத்த டோக்கன், அவருடைய மாமியார் பெயரில். பழைய ரேஷன் அட்டை, கரண்ட் பில், மகனின் தடுப்பூசி அட்டை, ஆதார். வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ் மட்டும் நாலைந்து. மாற்று வீட்டுக்கு விதி இதுதான்: 2015 ஜனவரி 1க்கு முன் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். 2012லிருந்து 2015 வரையிலான பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் இருக்க வேண்டும், கணக்கெடுப்பு நடக்கும் வருடத்துப் பட்டியலிலும் இருக்க வேண்டும். அதற்கு மேல் வேறு ஆவணங்கள்.

நம் பெயர்கள் இந்தியில் என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பட்டியலில் அப்பா பெயரின் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் புருஷன் பெயர் பின்னால், ஆதாரில் இரண்டும் இல்லை. இந்த மூன்றும் ஒரே பொம்பளைதான் என்று நிரூபிக்க அவர் வேலைக்கு லீவு போட்டு ஒவ்வொரு கவுண்டராக நின்றார். அவருடைய தங்கை பக்கத்து வீடு. ஒரே வருடத்தில்தான் இரண்டு பேரும் டெல்லி வந்தார்கள். தங்கை பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த நேரத்தில் பட்டியலில் பெயர் அடிபட்டிருக்கிறது, சேர்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவருக்கு வீடு இல்லை. அக்காவுக்கு வீடு கிடைத்த சந்தோஷம் ஒரு நாள் கூட நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதைச் சொன்னேன். "ஊர்ல என்னம்மா இருக்கு, நெலமா நீச்சா? புள்ளைங்களுக்கு இந்திதான் எழுத வரும்" என்றார்.

இதே டெல்லியில் சைனிக் ஃபார்ம்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. தெற்கு டெல்லியில் பெரிய பெரிய பங்களாக்கள். அதுவும் அங்கீகாரமில்லாத காலனிதான், அரசாங்கப் பதிவேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. 2019இல் மத்திய அரசு 1,731 அங்கீகாரமில்லாத காலனிகளுக்குச் சொத்துரிமை கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, பணக்காரக் காலனிகள் என்று 69ஐ வெளியே வைத்தார்கள். அதில் இதுவும் ஒன்று. சொத்துரிமை கிடைக்கவில்லை, ஆனால் பங்களாக்கள் நிற்கின்றன. அங்கே யாரும் 2012 வாக்காளர் பட்டியலைத் தேடி மஞ்சள் பையைக் கிளறவில்லை. யமுனை வெள்ளச் சமவெளியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய அடுக்குமாடிகளும் நிற்கின்றன. தண்ணீர் போக வழி விட வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வேகம் வந்திருக்காது.

இடம் மாற்றுவதிலும் வேறு வழி இருந்தது. தெற்கு டெல்லி கால்காஜியில் பூமிஹீன் கேம்ப் என்ற குடிசைப் பகுதிக்குப் பக்கத்திலேயே 3,024 வீடுகள் கட்டி 2022 நவம்பரில் சாவி கொடுத்தார்கள். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் மாறவில்லை. அங்கும் தகுதிப் பட்டியலில் வராதவர்களின் வீடுகள் 2025 ஜூனில் இடிபட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்ட முடியும் என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

தேர்தல் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 2025 பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல். ஜங்புரா தொகுதியில் ஆம் ஆத்மி கட்சியின் மணீஷ் சிசோடியா தோற்றது 675 வாக்கில். 370 குடும்பம் என்றால் எத்தனை ஓட்டு என்று போட்டுப் பாருங்கள். அந்த ஜனவரியில் எல்லாக் கட்சிக்காரர்களும் சந்துக்குள் வந்து, அம்மா அக்கா என்று கையைப் பிடித்தார்கள் என்று அக்கா சொன்னார். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தது துண்டு நோட்டீஸ் மட்டும். நான்கு மாதத்தில் அந்தச் சந்தே இல்லை. அதனால் ஓட்டால் பயனில்லை என்று அக்கா முடிவு கட்டவில்லை. நரேலாவுக்கு வாக்காளர் அட்டையை மாற்ற வேண்டும் என்று என்னை அவசரப்படுத்தியவர் அவர்தான். அடுத்த கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

அந்த வீட்டைத் தவிர அவருக்குக் கிடைத்த ஒரே அரசாங்க உதவி என்று நான் கண்ணால் பார்த்தது பஸ் டிக்கெட். டெல்லியில் 2019 அக்டோபரிலிருந்து அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அப்போது கண்டக்டர் பிங்க் நிறத்தில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார், அதில் 10 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பணத்தை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டது. "இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுக்கிறார்கள்" என்று எங்கள் காலனிப் பூங்காவில் காலை நடையில் பேசுவார்கள். நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி, ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, இருட்டோடு கிளம்பி வருகிறார் அக்கா. அந்தத் துண்டு இல்லையென்றால் மாதச் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு பஸ்ஸுக்கே போயிருக்கும், வேலையை விட்டிருப்பார். அவரோடு கேம்ப்பிலிருந்து போன பல பெண்கள் விட்டும்விட்டார்கள். "வீடு பக்கா வீடுதாம்மா, குறை சொல்லக் கூடாது. ஆனா அங்க யார் வீட்ல போய் பாத்திரம் தேய்க்கிறது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ரிதாலாவிலிருந்து நரேலா வழியாக மெட்ரோவுக்கு 2024 டிசம்பரில் ஒப்புதல் ஆகியிருக்கிறது. அது ஓட ஆரம்பிக்கும்போது அக்காவின் பிள்ளைகள் படிப்பு முடிந்திருக்கும்.

இன்னொன்று, நம்மில் பலர் கவனிக்காத காகிதம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் மேல் வழக்கு வரலாம். அக்காவின் போட்டோ, சொந்த ஊர் முகவரி, அடையாள மச்சம் வரை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக என்பது சரி. ஆனால் தனியாக ஒரு வீட்டுக்குள் வந்து வேலை செய்யும் பெண்ணுக்கு, அந்த வீட்டில் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சரிபார்த்துச் சொல்ல எந்தப் படிவமும் இல்லை. அவர் வேலைக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு தனிச் சட்டமும் இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம்தான் இதை ஆராய ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு. உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள், எல்லா ஆவணத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்து கொடுங்கள், வீட்டு வேலை செய்பவர்களும் அதில் சேரலாம். அலுவலகத்துக்கு அலைய வேண்டிய நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். அப்புறம், உங்கள் தொகுதிக்காரர் ஓட்டுக் கேட்டு வரும்போது ஒன்றைக் கேளுங்கள்: அரசு ஊழியர் வீடு மாறும்போது பிள்ளைகள் படிப்புக்காகத் தரும் அந்த அவகாசம், கேம்ப்பைக் காலி செய்யும்போது ஏன் தருவதில்லை? நான் எங்கள் தொகுதியில் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இந்தப் பதிலிலேயே சேர்க்கிறேன்.