கோட்டிங் அடிக்கும் முன் ஐந்து குடம் தண்ணீர்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு. கட்டி 25 வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் மாடிப் படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் ஈரம் படர்கிறது. பூச்சு உப்பி, போன வாரம் ஒரு சில்லு கட்டில்மேல் விழுந்தது. பார்க்க வந்த ஒருவர், "தளம் முழுக்க ஊறிப்போச்சு, மொட்டை மாடி 600 சதுர அடிக்கும் கெமிக்கல் கோட்டிங் அடிக்கணும், சதுர அடி 110 ரூபாய்" என்கிறார். 66 ஆயிரத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். குறைந்த செலவில் நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முதலில் கட்டிலை அங்கிருந்து நகர்த்துங்கள். மற்றது அப்புறம்.

தளம் முழுக்க ஊறியிருந்தால் ஈரம் ஒரே மூலையில் எப்படி நிற்கும்? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சுவரில் குத்தி எண் காட்டும் ஒரு சின்னக் கருவியை நீட்டினாலே நாம் வாயடைத்துப் போகிறோம். மழைக்காலத்தில் எந்தச் சுவரில் குத்தினாலும் அது ஈரம்தான் காட்டும்.

மாடிக்கு ஏறி, அந்த மூலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் இருக்கும். மாடித் தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து சேர்கிறது. காய்ந்த இலையும் காக்கை போட்ட எலும்பும் அங்கேதான் அடைகின்றன. அடைத்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் குழாயைச் சுற்றியுள்ள பூச்சு வழியாகவும் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்து விரிசல் வழியாகவும் கீழே இறங்கும். நான் 30 வருடமாகப் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடத்தில்தான். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும், அதன் குழாய் இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள்.

குழாயின் மேல் வாயைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, கீழ் வாயையும் பார்க்க வேண்டும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகக் குழாயைக் குழிக்குள் திருப்பிவிட்ட வீடுகள் நம் பக்கம் ஏராளம். அதன் பிறகு அந்தக் குழியைத் திறந்து தூர் வாரியவர்கள் எத்தனை பேர்? தெருப் பக்கம் இறங்கும் குழாய் என்றால் இன்னொரு கொடுமை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டிய ரோட்டை, மேலேயே இன்னொரு அடுக்காகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வாசல்படி பள்ளமாகிறது, குழாயின் வாய் தாருக்குள் புதைகிறது. மனு கொடுத்தால் 'நடவடிக்கையில் உள்ளது' என்று பதில் வரும். அடுத்த ரோடும் வந்துவிடும். ஒரு கடப்பாரையை எடுத்து நீங்களே வாயைத் திறந்துவிடுங்கள், வேறு வழியில்லை.

குழாய் சரியாக ஓடுகிறதென்றால் சோதனை செய்ய வேண்டும். மாடி முழுக்க தண்ணீர் தேக்கிப் பார் என்று புத்தகம் சொல்லும். 600 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் ஏறக்குறைய 2,800 லிட்டர். லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவில் இது நடக்கிற காரியமா? சந்தேகப்படும் மூலையில் மட்டும் நாலடிக்கு நாலடி களிமண்ணாலோ சிமெண்ட் குறைவாகச் சேர்த்த கலவையாலோ வரப்பு கட்டி, குழாய் வாயில் துணி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 75 லிட்டர், அதாவது ஐந்து குடம். அதற்கு முன் கீழே கூரையில் ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதிவையுங்கள். இரண்டு நாளில் ஈரம் கோட்டைத் தாண்டினால் இடம் தெரிந்துவிட்டது. தாண்டாவிட்டால் வரப்பைப் பக்கத்து இடத்துக்கு மாற்றுங்கள். விரிசல் வழியாகத் தண்ணீர் கொஞ்ச தூரம் நடந்து வந்தும் சொட்டும், அதனால் பொறுமை வேண்டும். மழை இல்லாத நாளில் செய்யுங்கள். அடைத்த துணியை எடுக்க மறக்காதீர்கள்.

இடம் தெரிந்தபின் வேலை ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள். குழாயைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் உள்ள பழைய பூச்சை உளியால் எடுத்து, விரிசலை அரை அங்குலம் ஆழத்துக்கு அகலப்படுத்தி, தூசி போகக் கழுவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த கலவையால் அடைக்க வேண்டும். சுவரும் தளமும் சேரும் மூலையை நேராக விடாமல் மூன்று அங்குலத்துக்குச் சரிவாக உருட்டிப் பூசச் சொல்லுங்கள். கலவையில் சேர்க்கும் கசிவுத் தடுப்புத் திரவம் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 200 மில்லிதான். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு உறுதி என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள். ஒரு வாரம் சாக்கு போட்டு நனையுங்கள். கலவைக்கும் நனைப்பதற்கும் உப்புத் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியுமே! கம்பி துருப்பிடிக்க அது ஒன்றே போதும்.

இனி அந்த கோட்டிங்காரர். இந்த வேலைக்கு உரிமம் எதுவும் கிடையாது. நேற்று வரை டைல்ஸ் ஒட்டியவர் இன்று 'வாட்டர் ப்ரூஃபிங் கன்சல்டன்ட்' என்று அட்டை அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 'பத்து வருட வாரண்டி' என்பார். அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள்: பல நேரம் அது டப்பாவில் இருக்கும் பொருளுக்கு மட்டும்தான், அடித்த வேலைக்கு அல்ல. 'பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்' என்பார். பில் இல்லாமல் நாளைக்கு எந்த நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்பீர்கள்? என் அக்கா வீட்டில் இப்படி அடித்த கோட்டிங் இரண்டாவது கோடையிலேயே பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. தூசியைக் கழுவாமல், ஈரத்தின் மேலேயே அடித்திருந்தார்கள். உரிந்ததைச் சுரண்ட அக்கா தனியாகக் கூலி கொடுத்தார். வெள்ளை அடிக்கும் கூல் கோட்டையும் ஒழுகலுக்கு மருந்து என்று விற்கிறார்கள். அது சூட்டைக் குறைக்கும், அவ்வளவுதான்.

விழுந்த சில்லைப் பற்றி. அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு அல்ல. கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு மட்டும்தான் போயிருக்கிறது. பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ அது வேறு கதை. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து கான்கிரீட்டை நெம்பித் தள்ளும். கடற்காற்று படும் நம் பகுதியில் இது சீக்கிரமே நடக்கும். அதன்மேல் பூச்சு பூசி மூடித்தருகிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள். கம்பி செதில் செதிலாக உதிர்ந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

நான் சொன்ன தண்ணீர்ச் சோதனையும் சிமெண்ட் வேலையும் மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு, அதாவது கட்டையும் சுண்ணாம்பும் வைத்துக் கூரை போட்ட பழைய வீட்டுக்கு, பொருந்தாது. உங்களுடையது 25 வருட வீடு, அதனால் அநேகமாக கான்கிரீட்தான். ஆனால் உங்கள் தெருவிலும் ராயபுரத்திலும் மண்ணடியிலும் பாட்டன் கட்டிய வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். கூரையை அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்குக் கட்டைகள் தெரிகிறதா? அதுதான். கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். அதன் தலையில் சிமெண்டையோ பிளாஸ்டிக் கோட்டிங்கையோ பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாது. சுவருக்குள் நுழைந்திருக்கும் கட்டை நுனிதான் முதலில் மக்கும், அது கண்ணுக்கும் தெரியாது. அங்கே தண்ணீர் தேக்கிச் சோதிப்பதும் கூடாது; அந்த எடையை மக்கிய கட்டை தாங்காது. மாடியில் பதித்திருக்கும் தட்டையான ஓட்டில் உடைந்ததை மாற்றி, இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்கத் தெரிந்த வயதான கொத்தனாரைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் மிண்ட் தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

கூரைக்கு இப்போதே பட்டி வைத்து பெயிண்ட் அடிக்க வேண்டாம். கீழிருந்து அடித்து மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்த முடியாது. டிசம்பர் மழை ஓய்ந்து, ஒரு கோடை முழுக்கக் காயட்டும். அதுவரை பென்சில் கோடு அப்படியே இருக்கட்டும். அடுத்த மழையில் ஈரம் அதைத் தாண்டினால் கூரைப் படம், மாடி மூலைப் படம், குழாயின் கீழ் வாய்ப் படம் மூன்றையும் எனக்கு அனுப்புங்கள்.