நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிள்ளைகள் புத்தகத்துக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். பத்தாவது முடித்து வருபவர்களோ, “மிஸ், பிசிக்ஸ் இல்லாத குரூப் இருக்கா?” என்கிறார்கள். ஆர்வம் வரட்டும் என்று ராக்கெட் வீடியோ எல்லாம் போட்டுக் காட்டுகிறேன், இரண்டு நாள்தான் தாங்குகிறது. இயற்பியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆராய்ந்திருக்கிறார்கள். அதுவும் கல்வியியல் துறையில் மட்டுமல்ல, இயற்பியல் துறைகளுக்குள்ளேயே இதை முழுநேர வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது எரிக் மசூரின் கதை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர், நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களிடம் பெயர். 1990 வாக்கில் அரிசோனாவின் ஹலூன், ஹெஸ்டனீஸ் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. விசை, இயக்கம் பற்றி அன்றாடப் பேச்சில் கேள்வி கேட்டால், பாடமெல்லாம் முடிந்த பிறகும் மாணவர்கள் பழைய எண்ணத்திலேயே இருக்கிறார்கள் என்றது அது. நம் பிள்ளைகள் அப்படியா என்று அந்தத் தேர்வைத் தன் வகுப்பில் வைத்தார். ஒரு மாணவர் கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?

அந்த இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தை மேலே சுண்டுங்கள். கையை விட்டுக் கிளம்பி மேலே போகும்போது அதன்மேல் என்னென்ன விசைகள்? காற்றை விட்டுவிடலாம். “கை கொடுத்த விசை மேலே தள்ளுது, ஈர்ப்பு கீழே இழுக்குது, உச்சியில ரெண்டும் சமம்” என்று பலரும் சொல்வார்கள். அது தப்பு. ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் நாணயத்தின் மேல் இருக்கிற விசை ஈர்ப்பு ஒன்று மட்டும்தான். பிளஸ் டூவில் 200க்கு 191 வாங்கிய நானும் முப்பத்தைந்து வயதில் இதைத் தப்பாகத்தான் சொன்னேன். நியூட்டனின் இரண்டாம் விதி அப்போதும் மனப்பாடம்! எறிந்த பொருளுக்குள் ஓர் உந்துதல் ஏறிக்கொள்கிறது என்று நியூட்டனுக்கு முன் பெரிய அறிஞர்களே பல நூற்றாண்டுகள் நம்பியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் ஒரு இயற்பியலோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். நாம் எவ்வளவு தெளிவாக நடத்தினாலும் அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

மசூர் பிறகு செய்தது எளிது. ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி விடை. விளக்கம் கடைசியில்தான். முதல் சுற்றில் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்கிற கேள்வியில்தான் வாதம் களைகட்டும் என்பது அவர் கணக்கு. இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். விடைகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணை மார்போடு ஒட்டி விரலால் காட்டச் சொன்னால் போதும், அடுத்தவரைப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது.

பலன் உண்டா? ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1998இல் 62 வகுப்புகளின், 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். தெரியாமல் இருந்ததில் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால், விரிவுரை வகுப்புகளில் சராசரி 23 சதவீதம். மாணவர்கள் பேசி, யோசித்துக் கற்ற வகுப்புகளில் 48.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டில் செய்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். ஆகவே “மிஸ், நீங்களே நடத்திருங்க” என்று உங்கள் வகுப்பிலும் குரல் வரும். பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் பற்றிப் புகாரும் வரலாம்.

ராக்கெட் வீடியோ இருக்கட்டும், தவறில்லை. ஆனால் அதைப் பார்க்கிற பிள்ளை எதற்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. நாணயத்துக்கு ஒரு விடை சொல்லி, தோழியிடம் அடித்துப் பேசி, தோற்ற பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவை மடக்கிப் பார்க்கும். இயற்பியல் மேல் எனக்கு ஆசை வந்ததே அப்படித் தோற்ற பிறகுதான்.

திங்கட்கிழமை நாணயக் கேள்வியைக் கேளுங்கள். வாதத்துக்கு முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று குறித்து அனுப்புங்கள்.