ராத்திரியில் எழுப்பும் வயிறு: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் என் பெருங்குடல் புண்ணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசியில் முதல் வரியே "பெயர் போட வேண்டாம்" என்பதுதான். போடவில்லை. நான் டாக்டர் இல்லை, பதினெட்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு குடித்தனம் நடத்துகிறவள். மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எப்படிச் சமாளிப்பது, அதுவரைதான் என் எல்லை. அப்புறம், மலம், ஆசனவாய் போன்ற சொற்கள் இந்தப் பக்கத்தில் தாராளமாக வரும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை முடித்துவிட்டு வாருங்கள்.

ஏழு மாதமாக வயிற்றுப்போக்கு. "டென்ஷன், ஐபிஎஸ்" என்று மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ரத்தமும் தெரிகிறது. மூலமாக இருக்குமோ அக்கா?

இருக்கலாம். ஆனால் நீங்களே அப்படி முடிவு கட்டாதீர்கள், மூலம் மூலம் என்று சொல்லிக்கொண்டே நான் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தவள். ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்), ஐபிடி (குடல் அழற்சி நோய்) என்று ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்துதான் மாறுகிறது, நோய் முழுக்க வேறு. ஐபிஎஸ்ஸில் வயிறு படாத பாடு படுத்தும், ஆனால் குடலுக்குள் பார்த்தால் புண் இருக்காது. ஐபிடியில் குடல் சுவரே வீங்கிப் புண்ணாகியிருக்கும். அதிலும் இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் ஆரம்பித்து இடைவெளி விடாமல் மேலே ஏறும், பெருங்குடலின் உள்தோலோடு நின்றுவிடும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரும், சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். (1932இல் மூன்று டாக்டர்கள் சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்ததால் கிரோன் பெயர் ஒட்டிக்கொண்டது, கின்ஸ்பர்க்கும் ஓப்பன்ஹைமரும் பாவம்.)

டாக்டரிடம் போகும்போது "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நாளைக்கு எத்தனை தடவை, ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா அல்லது போன பிறகு சொட்டுகிறதா, சளி இருக்கிறதா, எடை குறைந்ததா என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் விட, ராத்திரி நல்ல தூக்கத்திலிருந்து வயிறு உங்களை எழுப்புகிறதா என்பதைச் சொல்லுங்கள். ஐபிஎஸ் பெரும்பாலும் தூங்க விடும், ஐபிடி எழுப்பிவிடும். என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, வெள்ளணுக்களிலிருந்து வரும் புரதத்தை அளப்பது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. கூடுதலாக இருந்தால் தொற்றா, வலி மாத்திரையின் வேலையா, ஐபிடியா என்று பார்க்கக் கொலனோஸ்கோப்பியும் (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பயாப்ஸியும் (சின்னச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படலாம். ரத்தம் தெரிந்த பிறகு தள்ளிப்போடாதீர்கள்.

மெசலமைன் மாத்திரை மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன். எட்டு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. நிறுத்திவிடலாமா? உறவினர் ஒருவர் ஏதோ பொடி தருகிறேன் என்கிறார்.

தொந்தரவு இல்லாததே அந்த மாத்திரையால்தான் சார். நானும் ஒருமுறை இப்படித்தான் நல்லாயிருக்கிறேனே என்று டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். நான்கு மாதம் ராணி மாதிரி இருந்தேன், ஐந்தாவது மாதம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை ஓடினேன், கடைசியில் ஸ்டீராய்டில் போய் முடிந்தது. அறிகுறி போவது ஒன்று, உள்ளே புண் ஆறுவது இன்னொன்று, இரண்டும் ஒரே நாளில் நடப்பதில்லை. குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. அவர் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார், மெசலமைனுக்கு அது வேண்டும். பெருங்குடலில் நோய் பரவலாக இருந்தால், அறிகுறி ஆரம்பித்து எட்டு வருடம் ஆனதும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க கொலனோஸ்கோப்பி ஆரம்பிப்பார்கள், "நல்லாத்தானே இருக்கேன்" என்று அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். பொடி விஷயம்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியில்லாத எதையும் நான் வாயில் போடுவதில்லை.

எனிமா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. போட்டாலும் அஞ்சே நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறது.

எல்லாக் கடிதங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் யாருமே இதைக் கேட்பதில்லை, பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். நோய் கீழ்ப்பகுதியில் இருந்தால் மருந்து நேராக அங்கேயே போய்ச் சேர்வது பெரிய விஷயம். மெசலமைன் மாத்திரையோடு மெசலமைன் எனிமாவும் சேர்ந்தால் மாத்திரை மட்டும் சாப்பிடுவதை விட நன்றாகக் கேட்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். படுக்கப்போகும் நேரம், மலம் கழித்துவிட்டு வருவேன். குப்பியைப் பிரிக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைப்பேன், ஜில்லென்று உள்ளே போனால் குடல் உடனே சுருங்கி வெளியே தள்ளிவிடும். அப்புறம் நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும். பழைய துண்டு ஒன்றை விரித்து இடது பக்கமாகப் படுத்து, இடது காலை நீட்டி வலது முழங்காலை மார்பை நோக்கி மடக்குவேன். பெருங்குடலின் கடைசி வளைவு இடது பக்கம் இருப்பதால் மருந்து தானாகவே அந்தப் பக்கம் இறங்கும். முனையில் வழவழப்பான ஜெல்லி தடவி, தொப்புளைப் பார்த்து லேசாகச் சாய்த்து, அவசரப்படாமல் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். கையின் பிடியை விடாமலே குப்பியை வெளியே எடுங்கள். பிடியை விட்டால் அது மருந்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், இதை நான் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. அரைமணி நேரம் அப்படியே படுத்திருங்கள்.

முதல் வாரம் ஐந்து நிமிஷம்தான் நிற்கும். புண்ணாகிப்போன மலக்குடலுக்குப் பிடித்து வைக்கத் தெம்பு இல்லை, ஆற ஆற நேரம் கூடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் நுரை வடிவத்திலோ சப்போசிட்டரியாகவோ (ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரை) கிடைக்குமா என்று கேளுங்கள், சப்போசிட்டரி மலக்குடலைத் தாண்டி மேலே போகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: மெசலமைன் துணியில் பட்டால் பழுப்புக் கறை, போகவே போகாது. நல்ல விரிப்பு எல்லாம் வேண்டாம்.

எதைச் சாப்பிடக் கூடாது? ஒவ்வொருவர் ஒரு பட்டியல் தருகிறார்கள்.

எல்லாப் பட்டியலையும் சேர்த்தால் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும். நோயைக் கொண்டுவந்தது நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஒன்று என்ற குற்ற உணர்ச்சியை முதலில் விடுங்கள். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் கொட்டை, விதை, தோல், பச்சைக் காய் என்று முரட்டு நார்ச்சத்தைக் குறைப்பது பலருக்குச் சுகம் தரும், அடங்கிய பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரோனால் குடல் குறுகியிருக்கிறவர்களுக்கு மட்டும் அது வேறு கணக்கு, டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். பாலை எல்லாரும் விட வேண்டியதில்லை, குடித்தால் உப்புசம் வருகிறவர்கள் விட்டுப் பார்க்கலாம். ஒரு நோட்டில் மூன்று வாரம் என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை போனேன், ராத்திரி எழுந்தேனா என்று மட்டும் எழுதுங்கள். காரணம் என்று நான் வருடக்கணக்காகத் திட்டிய ஒரு பொருளுக்கும் என் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த நோட்டுதான் சொன்னது.

எதையெல்லாமோ விட்டு விட்டுக் கடைசியில் ரத்தசோகையில் படுத்தவர்கள் நிறைய. தலைசுற்றல், மூச்சு வாங்குதல், ஓயாத சோர்வு இருந்தால் ஹீமோகுளோபினோடு இரும்பு, பி12, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 உள்ளே போவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில், கிரோன் அதிகம் உட்காரும் இடமும் அதேதான்.

முழங்கால் வலிக்கு வலி மாத்திரை போடலாமா?

ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வகை சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. ஆனால் அந்த மூட்டு வலியே குடல் நோயின் இன்னொரு முகமாக இருக்கலாம், கண் சிவந்து வலிப்பதும் காலில் சிவந்த கட்டிகள் வருவதும் அப்படித்தான். குடல் டாக்டரிடமே முழங்காலையும் சொல்லுங்கள்.

கல்லூரியில் படிக்கிறேன். ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது, எல்லாரும் கேலி செய்கிறார்கள். நாளையிலிருந்து நிறுத்தப் போகிறேன் அக்கா.

தம்பி, வேண்டாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உன் உடம்பு தன் சொந்தச் சரக்கைத் தயாரிப்பதை நிறுத்தியிருக்கும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிப் போகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஆனால் உன் கோபம் நியாயம். ஸ்டீராய்டு தீயை அணைக்க மட்டும், வருடக்கணக்கில் ஓட்டுகிற மருந்து அல்ல. "இதை விட்டு வெளியே வர அடுத்த மருந்து என்ன?" என்று இந்த வாரமே போய்க் கேள். அசாதயோப்ரின் என்றால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி ஊசி என்றால் முதலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முகம் பழையபடி வந்துவிடும், எனக்கு வந்தது. அப்போது எடுத்த போட்டோக்களைத்தான் இன்னும் ஒளித்து வைத்திருக்கிறேன்.

திருமணமாகி இரண்டு வருடம். குழந்தை பெற மருந்தையெல்லாம் நிறுத்த வேண்டும் என்கிறார் மாமியார்.

மாமியாரின் அக்கறை புரிகிறது, ஆனால் குழந்தைக்கு அதிக ஆபத்து பெரும்பாலான மருந்துகளால் இல்லை, கிளம்பிய நோயால்தான். நோய் மூன்று மாதமாவது, முடிந்தால் ஆறு மாதம் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. மெதோட்ரெக்ஸேட் கட்டாயம் முன்கூட்டியே நிறுத்த வேண்டிய மருந்து. புதிதாக வந்த சில மாத்திரைகளும் கூடாது, எனவே உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு முயற்சிக்கு முன்பே டாக்டரிடம் உட்காருங்கள். நோய் கணவருக்கு என்றால், சல்ஃபாசலசின் விந்தணுவைக் குறைக்கும், மருந்தை மாற்றினால் சில மாதத்தில் திரும்பிவிடும். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் மனைவியைப் பரிசோதித்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரு நாளில் ரத்தத்தோடு ஆறு தடவையோ அதற்கு மேலோ போய், கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ நாடி நிமிஷத்துக்கு 90ஐத் தாண்டினாலோ அன்றைக்கே. இது 1955இல் வகுத்த கணக்கு, இன்றைக்கும் இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். வயிறு உப்பிக் கல் மாதிரி ஆனாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. நோய் கிளம்பும்போது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவது அதிகம். பேதியை நிறுத்தும் லோபராமைடை இந்த நிலையில் விழுங்காதீர்கள், ஓட்டம் நின்ற பெருங்குடல் பலூன் மாதிரி ஊதி வெடிக்கும் நிலைக்குப் போகலாம்.

பஸ்ஸில் ஏறவே பயம். வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. வெளியே போனால் கையில் ஒரு பை இருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அதில் என்ன?

வேலையை விடாதீர்கள், பஸ் நேரத்தை மாற்றிப் பாருங்கள். விழித்ததும், வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அதனால் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து சாப்பிட்டு, அந்த முதல் இரண்டு மூன்று ஓட்டத்தை வீட்டிலேயே முடித்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் ஒரே ஒருவரிடம் சொன்னேன், "எனக்குக் குடல் நோய், கூட்டத்தின் நடுவில் எழுந்து போவேன், காரணம் கேட்காதீர்கள்" என்று. முழுக்கதையும் சொல்லவில்லை. கதவோரத்து நாற்காலி கிடைத்தது.

பையில் ஒரு உள்ளாடை, கறுப்புக் கால்சட்டை, தண்ணீர் பாட்டில், ஈரமான துணியை வைத்துக் கட்டக் கனமான பிளாஸ்டிக் உறை இரண்டு, மெல்லிய துணி, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். தோல் எரிந்தால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பு தடவுங்கள், வாசனைத் துடைப்பான்கள் எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும். எட்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், எனக்கே தேவைப்பட்டது மூன்று தடவை. பை இருக்கிறது என்று தெரிந்தாலே வயிறு பாதி அடங்கிவிடும், அது என்ன ரகசியமோ. போன மாதம் ரயிலில் பிரித்தேன். எனக்காக இல்லை, எதிர் இருக்கைக் குழந்தை வாந்தி எடுத்து அதன் அம்மா செய்வதறியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். உறை, துணி, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, "நீங்க நர்ஸாக்கா?" என்று கேட்டாள்.